கிரீடம் பிடிக்கிற கிளேப்

எனக்கு ராஜாக்கள் மேல் பெரிய பக்தி எதுவும் கிடையாது. என் அப்பா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினவர். எந்த ராஜாவும் வந்து ஒரு மூட்டைக்குக் கை கொடுத்ததில்லை. அதனால் இளவரசர் கிளேப் வலேரியனோவிச்சைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், அது முகஸ்துதி இல்லை.

ரஷ்யச் சக்கரவர்த்திக்கு அவர் தூரத்துப் பங்காளி. நெவா ஆற்றங்கரை மாளிகையில் பிறந்தவர். வாலிபமாகும்வரை தன் பூட்ஸைத் தானே கழற்றியதில்லை. புரட்சி வந்தது. அப்பா, அம்மா, அண்ணன் ஒருவரும் மிஞ்சவில்லை. இவர் மட்டும் கருங்கடலில் கப்பலேறி, கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து, கடைசியில் எங்களைப் போலவே பில்லன்கூருக்கு வந்து சேர்ந்தார். பாரிஸ் பக்கத்தில்தான். ஆனால் எங்களுக்குப் பாரிஸ் எதற்கு? கார் தொழிற்சாலை இருந்தது, தைசியாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது, பழைய லாரி ஷெட்டில் நாங்களே எழுப்பிய கோயில் இருந்தது.

தொழிற்சாலையில் அவரும் நானும் பெயிண்ட் பிரிவு. முதல் வாரம் கார் கதவுக்கு அவர் பூசியதைவிடத் தன் சட்டைக்குப் பூசியதுதான் அதிகம். மேஸ்திரி பிரெஞ்சில் கிழி கிழியென்று கிழிப்பான். எங்களுக்கு அதில் பாதி புரியாது. இவருக்கு முழுக்கப் புரியும், பாவம், சின்ன வயதிலேயே பிரெஞ்சு வாத்தியார் வைத்துப் படித்தவர். ஆனால் முதல் சம்பளம் வாங்கிய அன்று குழந்தை மாதிரி சிரித்தார். "குஸ்மா, இது என் பேருக்குக் குடுத்தது இல்லடா, என் கைக்குக் குடுத்தது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் வந்தது. எங்கள் ரஷ்யக் கல்யாணங்களில் பாதிரியார் சடங்கை முடிக்கும்வரை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தலைக்கு மேலே ஆளுக்கொரு கிரீடத்தைத் தோழர்கள் தூக்கிப் பிடிக்க வேண்டும். கிரீடம் விழுந்தால் குடித்தனம் விளங்காது என்று பெண்கள் பயமுறுத்துவார்கள். கிளேப் நல்ல உயரம். நட்டு வைத்த கம்பம் போல அசையாமல் நிற்பார். அதனால் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் பேரே கிரீடம் பிடிக்கிற கிளேப் என்று ஆகிவிட்டது. என் கல்யாணத்திலும் கிரீடம் அவர்தான் பிடித்தார். பாதியில் மெல்லக் கேட்டேன்.

"கை வலிக்கலையா பிரபு?"

"இதைத் தலைல வச்சிருந்தவங்க பட்ட பாட்டைப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல. பேசாம முன்னாடி பாரு."

நானும் என் ஸோயாவும் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறோம். அந்தக் கைக்கு என் நன்றி.

தைசியா பிரகோரொவ்னா, கொசாக் என்கிற குதிரைவீரர் இனத்து விதவை. செத்துப்போன புருஷன் குதிரைக்கு லாடம் அடித்தவன். அவளுக்கு ராஜ விசுவாசம் ரத்தத்திலேயே ஊறியது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் நிகான் அரச குடும்பத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிரார்த்திக்கும்போது, கிளேப் பெயர் வந்ததும் தரையில் நெற்றி பட விழுவாள். கடையில் அவருக்கு மட்டும் நீலக்கரை போட்ட தட்டு. அவருக்கோ அந்தத் தட்டைக் கண்டாலே ஆகாது. எங்களோடு வரிசையில் நின்று வாங்கத்தான் ஆசை. வேலை முடிந்ததும் போய் அவளுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுப்பார். ஒரே அளவில் அவ்வளவு அக்கறையாக நறுக்கிய துண்டுகளைப் பார்த்தே, அவர் மனசு அவளிடம் போய்விட்டது எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நாள் அவள் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கிளேப் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தைசியா பிரகோரொவ்னா, என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"ஐயோ, என்ன பேச்சு இது பிரபு! லாடக்காரன் பொண்டாட்டி நான்."

"லாடம் அடிக்கக்கூடத் தெரியாதவன் நான்."

"சாதாரணப் பொம்பளையக் கட்டினா வாரிசு வரிசையிலேர்ந்து உங்க பேரை எடுத்துருவாங்க. நாளைக்கே சிம்மாசனம் திரும்ப வந்துட்டா?"

"வந்தா பஸ்லதான் வரணும்" என்றேன் நான்.

"வாயில கஞ்சி இருக்கில்ல குஸ்மா? அதை முழுங்கு!" பூரிக்கட்டை என் பக்கம் திரும்பியது.

அவள் மசியவே இல்லை. அவரும் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார். ஆள் பாதியாகிவிட்டார். அடுத்து ஒரு கல்யாணம் வந்தது. முதல்முறையாக அவர் கை தாழ்ந்தது. கிரீடம் பெண்ணின் முடியை உரசிக்கொண்டு சரிந்தது. நல்லவேளை, இடது கையால் பிடித்துவிட்டார். தைசியாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பேர் வரும்போது விழுந்து கும்பிடறீங்களே, கடவுள்கிட்ட என்ன கேக்கறீங்க?"

"உங்களுக்குச் சேர வேண்டியது உங்ககிட்ட வந்து சேரணும்னு."

"அதைத்தான் நானும் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தைசியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எல்லாரும் சாப்பிடும் சாதாரணத் தட்டில் அவருக்குச் சூப் ஊற்றினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தில் கிரீடம் பிடித்தது நான். அவர் உயரத்துக்கு என் கை எட்டாமல் சோப்புப் பெட்டி மேல் ஏறி நின்றேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும்.

உயிர் தப்பி வந்திருந்த அரச குடும்பத்துப் பெரியவர்கள், தைசியா பயந்தபடியே செய்தார்கள். வாரிசு வரிசையிலும் அவர் பெயர் இல்லை, இனிமேல் பிரார்த்தனையிலும் சொல்லக்கூடாது என்று பாதிரியாருக்கு ஆள் வந்தது. கிளேப் அதைச் சிரித்தேதான் வாங்கிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். தன் வீட்டில் உயிரோடு ஒருவரும் இல்லாத மனுஷனுக்கு, சொந்தம் என்று வாரத்துக்கு ஒருமுறை காதில் விழுந்தது அந்தப் பெயர்கள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் நிகான் ஒவ்வொரு பெயராகச் சொல்லி வந்தார். வழக்கமாகக் கிளேப் பெயர் வரும் இடத்தில் அவர் விரல் தாளில் அடுத்த வரிக்கு நகர்ந்தது. பிறகு அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தார். கிளேப் தரையைப் பார்த்தபடி நின்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கடையில் ஆர்டர் சொல்கிற அதே குரல்.

"கிளேப். என் புருஷன்."

கோயிலில் யாரும் அப்படிக் குரல் கொடுக்கிற வழக்கமே கிடையாது. பாதிரியார் அவளைப் பார்த்தார். பிறகு சத்தமாக, "உமது ஊழியன் கிளேப்" என்றார். நாங்கள் எல்லாரும், "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று பாடினோம். பக்தியில்லாத நான்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினேன்.

வெளியே வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"குஸ்மா, இத்தனை வருஷமா என் பேரைப் படிச்சுக்கிட்டிருந்தாங்கடா. இன்னைக்குத்தான் கூப்பிட்டாங்க."