உதடு படாமல்

எங்கள் வீட்டில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு பட்டால் எச்சில்; எச்சில் பட்ட செம்பு, புளி போட்டுத் தேய்க்கும்வரை யாருக்கும் ஆகாது. கறியில் உப்புப் பார்க்க அகப்பையை வாயருகே கொண்டுபோகக் கூடாது, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையால் விருந்தாளிக்குப் பரிமாறக் கூடாது. சட்டம் போட்டவர் அப்பா. மாத்தளை நகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அம்மா இறந்த பிறகு அந்தச் சட்டங்களுக்கு அடங்கி நடக்க நான் ஒருத்திதான் மிச்சம்.

பதினோரு வயதில் பலாபத்வலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். வெயிலில் நடந்து வந்த தாகத்தில், அவர்கள் நீட்டிய செம்பை வாயில் வைத்துக் குடித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும் அப்பா அறைந்தார். தோடு கழன்று பந்திப் பாயில் விழுந்தது. "அடுத்தவங்க வீட்டுச் செம்புல வாய வைக்கிறியே, மாடா நீ?" என்றார். இடது காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த அறையை நான் மன்னிக்கவேயில்லை. இப்போதும்தான்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், தமிழர் கடைகளோடு எங்கள் கடையையும் கொளுத்தினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தேங்காயெண்ணெய்ப் பீப்பாய்கள் வெடிக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்த சிங்களப் பெண், வேலியைப் பிரித்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா அவளைத் தங்கை முறை வைத்து 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். நான் சிங்களம் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்பா வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வார். ஆகவே அவள் அவரைக் குடிகாரனாக்கினாள். கணவனின் பழைய சாரத்தைக் கட்டச் சொல்லி, விபூதியைத் துடைத்து, சட்டையில் சாராயத்தைத் தெளித்துப் பாயில் கிடத்தினாள். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கிடந்தார்.

நாலு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. அதன் நுனியில் இரத்தத்தோடு முடி ஒட்டியிருந்தது.

"இவன் யாரு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"தம்புள்ளையில இருக்கிற எங்க அண்ணன். இது அவர் மக. விடிஞ்சதுமே குடிக்கத் தொடங்கிட்டாரு" என்றாள் அவள்.

தண்ணீர் கேட்டார்கள். ஒரே எனாமல் கோப்பையில் ஒருவன் வாய் வைத்த இடத்திலேயே அடுத்தவனும் வாய் வைத்து நாலு பேரும் குடித்தார்கள். மிச்சத்தைக் கம்பிக்காரன் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் நீட்டினான். "குடி பெரியவரே, குடிவெறி முறியட்டும்."

அப்பா எழுந்து உட்கார்ந்து வாங்கினார். நாலு பேர் எச்சிலைப் பார்த்த அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். தலை பின்னால் சாய்ந்தது. கோப்பை உதட்டுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. அந்தப் பக்கத்தில் தமிழன்தான் அப்படிக் குடிப்பான். குடிவெறியில் இருப்பவன் எவனும் அப்படிக் குடிக்க மாட்டான். கம்பிக்காரனின் சிரிப்பு நின்றது.

நான் அடித்தேன். கோப்பையின் அடியில், விளிம்பு வாய்க்குள் இறங்கும்படி, முழுப் பலத்தோடு அடித்தேன். பல் உடையும் சத்தம் கேட்டது. "சிந்தாம வாய வச்சுக் குடி, குடிகாரா" என்று சிங்களத்தில் கத்தி, பிடரியைப் பிடித்துக் கோப்பையை உதட்டோடு அழுத்தினேன். தண்ணீரும் இரத்தமும் தாடையில் வழிந்தன. கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, அந்தக் கையில் பயம் மட்டும் இருக்கவில்லை. பதினோரு வயதுக் கோபமும் இருந்தது.

கம்பிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவளக் கட்டப்போறவன் பாவம்" என்றான். போய்விட்டார்கள். சற்று நேரத்தில் அடுத்த வீதியில் ஒரு ஆள் அலறுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அப்பா உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பினார். நான் துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். வாயைச் சாரத்தால் பொத்திக்கொண்டு கோப்பையை எடுத்தார். சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய், அந்தப் பெண் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"நங்கி, கோப்பையில என் எச்சி பட்டுருச்சு. சாம்பல் எங்க இருக்குன்னு சொல்லு, கழுவித் தந்துர்றேன்."