ஏலிஸும் பதினான்காம் எண் கம்பமும்

ஏலிஸ் பிர்ட்டிகோஸ்கியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவனைப் பற்றி எங்கள் குடியிருப்பில் உலவும் கதையைக் கட்டிவிட்டவன் நான்தான். வேறு யாரை எழுதச் சொல்வது?

ஏலிஸ் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தான். ஐம்பத்திரண்டு வயது. ராஹே ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமைதோறும் நானூறு பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப் வைப்பான். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, தலையை ஒரு முறை ஆட்டுவான். எங்கள் ஊரில் அதுவே கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான். கார் இல்லை, பைக் இல்லை, ஒரு பழைய சைக்கிள் மட்டும்.

எங்கள் முற்றத்தில் வண்டி நிறுத்தும் இடம் ஒவ்வொன்றுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பம் உண்டு. குளிர்காலத்தில் கார் எஞ்சினைச் சூடாக்க அதில்தான் வயரைச் செருகுவோம். மைனஸ் இருபத்தைந்து டிகிரி குளிரில் வேலைக்கு ஓடுகிறவன் வயரை உருவிக்கொண்டு கம்பத்தின் மூடியை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போவான். ஏலிஸ் வேலை முடிந்து திரும்பும்போது, யாரும் சொல்லாமல், அந்த மூடிகளை வரிசையாக மூடிக்கொண்டே வருவான். நாங்கள் ஜன்னலில் நின்று சிரிப்போம். 'மூடி மந்திரி' என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தேன். நன்றாக வைத்துவிட்டதாக ஒரு பெருமை வேறு.

என் பெயர் தௌனோ யிலிதோலோனென். துறைமுகத்து கிரேன்களில் முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியன். ஓய்வு பெற்றபின் ஏப்ரல் மாதம்தான் எனக்கு மவுசு. குளிர்காலம் முழுக்க மூடி வைத்த பைக்கை வெளியே எடுத்துவிட்டு, "தௌனோ, சாவியப் போட்டா லைட்டே எரியல" என்று வருவார்கள். மல்டிமீட்டரோடு போய் நிற்பேன். முதலில் கரண்ட் வருகிற இடத்தைப் பார், பிறகு சார்ஜர், பிறகு பேட்டரி, கடைசியில்தான் வண்டி என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எல்லோருக்கும் பாடம் எடுப்பேன்.

என் சொந்த பைக் ஒரு தகரக் கொட்டகைக்குள் நிற்கும்; பதினான்காம் எண் கம்பம் அதன் வாசலுக்கு வெளியே. மற்ற கம்பங்களில் காலையில் சில மணி நேரம்தான் கரண்ட் வரும்; அந்தக் கம்பத்தில் மட்டும் நாள் முழுக்க மின்சாரம் வர அனுமதி வாங்கியிருந்தேன். அக்டோபரில் சார்ஜரை மாட்டிவிட்டால் ஏப்ரலில்தான் வந்து பார்ப்பேன். பேட்டரியைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன், நடுவில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரலில் சாவியைப் போட்டேன். ஒரு விளக்கும் எரியவில்லை. மீட்டரை வைத்தால் நான்கு வோல்ட்கூட இல்லை. பேட்டரியைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. சார்ஜ் நிறைந்த பேட்டரி எங்கள் குளிரில் உறையாது, காலியானால்தான் உறைந்து வீங்கும். சார்ஜரிலும் விளக்கு இல்லை. கம்பத்தைத் திறந்தால் உள்ளே, மின்கசிவு வந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

முப்பது வருஷ எலெக்ட்ரீஷியன் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: சுவிட்ச் ஏன் விழுந்தது? நான் அதைக் கேட்கவில்லை. யார் தள்ளிவிட்டது என்று கேட்டேன்.

பதில் சொல்ல ஆள் தயாராக இருந்தாள். கீழ்த்தளத்து இர்யா, ஜன்னலை விட்டு நகராதவள்.

"ஜனவரில உன் கம்பத்துக்குள்ள கைய விட்டுட்டு நின்னான்பா, அந்த மூணாம் மாடிக்காரன்."

"நிஜமாவா? மூடியத்தானே மூடுவான்?"

"மூடியில்ல, உள்ள. மூணு தடவ பாத்தேன். காரே இல்லாதவனுக்குக் கம்பத்துல என்ன ஜோலி?"

எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை முற்றம் கூட்டும் நாள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டாரும் சேர்ந்து, பனியில் வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் கொட்டிய சரளையைக் கூட்டி அள்ளிவிட்டு, சாசேஜ் சுட்டுச் சாப்பிடுவோம். இருபது பேர் இருந்தார்கள். ஏலிஸ் வேலியோரம் குனிந்து வாரிக்கொண்டிருந்தான். வீங்கிய பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"ஏலிஸ், இது என்னன்னு தெரியுதா?"

"பேட்டரி."

"செத்த பேட்டரி. என் கம்பத்துல கை வச்சியா, இல்லையா?"

கொஞ்சம் யோசித்தான். "வச்சேன்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? மூடி மந்திரிக்கு இப்ப சுவிட்ச் இலாகாவும் வேணுமாம்!"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தெம்பு கொடுத்தது.

"நான் அணைக்கல," என்றான்.

"பின்ன உள்ள கைய விட்டு என்னத்தப் புடுங்கின?"

அவன் வாயைத் திறந்தான். நான் விடவில்லை. "ஒருமாதிரி ஆளுன்னு தெரியும். இப்படிக் கேடுகெட்ட புத்தின்னு தெரியாது!"

ஏலிஸ் வாருகோலை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு மேலே போனான். சாசேஜ் சாப்பிட வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

அடுத்த வாரமே இரண்டு பேர் தங்கள் கம்பத்துக்குப் பூட்டு மாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சூப் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, "நீங்கதானே பேட்டரியக் கொன்னவரு?" என்று அவனிடமே கேட்டதாம். இர்யா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை எழுதும்போது கை கூசுகிறது.

புது பேட்டரி வாங்கிப் போட்டேன். வண்டி உடனே கிளம்பியது. சுவிட்சைத் தூக்கிவிட்டு, சார்ஜரைப் பழையபடி கம்பத்தில் மாட்டினேன். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மழையும் பனியும் கலந்து கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் சார்ஜரில் விளக்கு இல்லை, சுவிட்ச் கீழே. கம்பத்தைச் சுற்றி விழுந்திருந்த ஈரப்பனியில் என் காலடி தவிர வேறு காலடியே இல்லை.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் சார்ஜரின் பிளக் தடிமனானது, அதன் மேல் மூடி மூடாது. அக்டோபரில் நானே மூடியின் கொக்கியைக் குறடால் உடைத்து, டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தேன். டேப் பிய்ந்து தொங்கியது. பனி உள்ளே போயிருக்கிறது, சுவிட்ச் விழுந்திருக்கிறது. கிரேனில் இப்படி யாராவது செய்திருந்தால் நான் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஏலிஸ் கதவைப் பாதி திறந்தான்.

"அந்த சுவிட்ச்... குளிர்காலத்துல விழுந்துக்கிட்டே இருந்துச்சா?"

"ம். மூடி மூடல. விழுந்திருந்தா தூக்கி விடுவேன்."

"அப்புறம்?"

"பிப்ரவரில பித்தப்பை ஆபரேஷன். ஓலு ஆஸ்பத்திரி, அப்புறம் அக்கா வீடு. திரும்பி வந்தும் மார்ச் முழுக்கக் குனிய முடியல."

இவன் இல்லாத நாட்களில்தான் என் பேட்டரி செத்திருக்கிறது. ஜனவரி வரை அதைக் காப்பாற்றி வைத்திருந்தது இவன் கை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஏலிஸ்?"

"சொல்லத்தான் வந்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடு" என்றேன். எனக்கு வராத வார்த்தை, கரகரவென்று வந்தது.

அவன் படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தான். எங்களைத் தவிர ஒருவருமில்லை.

"முற்றத்துல இருவது பேரு இருந்தாங்க, தௌனோ," என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மே முதல் தேதி. பைக் வைத்திருப்பவர்கள் எல்லாம் சந்தைத் திடலில் கூடி, அந்த வருஷத்தின் முதல் ஓட்டம் போகும் நாள். குடியிருப்பு முழுக்க அங்கேதான் இருந்தது, டோனட்டும் எலுமிச்சைப் பானமுமாக. அங்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் இரண்டு டோனட் தின்று முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. கோழை. பிறகு சத்தமாகவே சொன்னேன்.

"அந்த பேட்டரி விஷயம். தப்பு என்னோடது. கொக்கிய உடைச்சவன் நான். ஏலிஸ் அணைக்கல. விழுந்த சுவிட்ச்ச தூக்கி விட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

என்னைக் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தன் முதுகில் தட்டி, "கிரேன் எலெக்ட்ரீஷியனே கோட்டை விட்டாச்சா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இர்யா எனக்கு மூன்றாவது டோனட்டை நீட்டினாள்.

"நீ நல்ல மனுஷன்பா, ஒத்துக்கிட்ட. ஆனா ஒண்ணு, அவன் ஒருமாதிரி ஆளுதான். அடுத்தவன் கம்பத்துல கை வைக்காம இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

"இல்ல இர்யா, அவன் எனக்கு உதவிதான்..."

"சரி விடு, சாப்பிடு."

தப்பு செய்த என்னை ஒரு நிமிஷத்தில் மன்னித்துவிட்டார்கள். செய்யாதவனை மன்னிக்க யாருக்கும் மனசில்லை. 'ஒருமாதிரி ஆள்' என்பது என் வார்த்தை. அதைத்தான் இர்யா எனக்கே திருப்பித் தந்தாள்.

ஜூனில் ஏலிஸ் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்க நான் கீழே போனபோது வண்டி கிளம்பியிருந்தது. அவன் வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். இர்யா அவர்களுக்கு முற்றத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவன் ஒரு மாதிரி. பேட்டரி சமாசாரத்துல மாட்டினவன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "அது அவன் இல்ல, நான்," என்றேன்.

"ஆமாமா," என்றாள் இர்யா. "இவருக்கு ரொம்ப இளகின மனசு."

குடிவந்த அந்த இளம்பெண் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தாள்.