தூங்கக் கூடாத வண்டி

வளைவு கண்ணில் படுமுன்பே ஐயாசாமி நாக்கால் 'டக், டக்' என்று ஒலி எழுப்புகிறார். காளைகளுக்குக் கொடுத்த குரலை லோரிக்கும் கொடுக்கிறார். லோரிக்குக் காது இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய நாக்குக்குத்தான் தெரியவில்லை.

ரெங்கம் ஊரை ஒட்டிய தோட்டத்திலிருந்து குளுவாங் ரயிலடிக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போவது அவர் வேலை. ஸ்டீரிங்கின் மரவளையத்தை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். ஓட்டும்போது வெற்றிலை போடமாட்டார். தெரிந்தவர் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். "கயிறு நழுவினா மாடு நின்னுரும். இது நழுவினா நாமதான் இருக்க மாட்டோம்" என்பார்.

தோட்டம் இரண்டு லோரி வாங்கிய புதிதில், மாட்டுக் கயிறுபோல இழுத்தால் நிற்கும் என்று வளையத்தை நெஞ்சோடு இழுத்துக்கொண்டே போய் ஷெட்டுச் சுவரை இடித்தவர்தான் அவரும். தொழிலாளர் வீடுகள் வரிசையாயிருந்த லயமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அக்கா பேச்சியம்மாளின் கணவர் செல்லப்பன். அவரும் வண்டிக்காரர். "மாப்ள, அடுத்த தடவ கொம்பு எங்கன்னு பாத்துப் புடி" என்றாராம். இரண்டாவது லோரிக்கு ஆள் தேவைப்பட்டபோது அதே மச்சானுக்குப் பத்து நாளில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் ஐயாசாமி.

மூன்றாம் மாதம், ஒரு நடுப்பகலில், குளுவாங்கிலிருந்து வெறும் வண்டியாய்த் திரும்பிய செல்லப்பனின் லோரி வளைவில் வளையாமல் நேரே போய் மரத்தில் முட்டியது. ஸ்டீரிங்கின் தண்டு செல்லப்பனின் நெஞ்சில் இறங்கியிருந்தது. சரக்கை இறக்கியதும் வண்டியிலேயே தூங்கிவிடுவது அவருடைய பழைய வழக்கம். கண் விழிக்கும்போது காளைகள் லயத்து வாசலில் நிற்கும்.

"எல்லாம் சொல்லிக் குடுத்தேங்க. தூங்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லல. தோணலீங்க" என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சரவணமுத்துவிடம் ஒருநாள் சொன்னார்.

யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி பத்திரிகை படிப்பவர். முதலில் வந்த மோட்டார்களுக்கு வளையமே கிடையாது, படகுச் சுக்கான்போல ஒரு கோல்தான் என்று விளக்கினார். இனி அந்த வளையத்தையும் யாரும் தொட வேண்டியதில்லையாம். அமெரிக்காவில் கம்பியில்லாத் தந்தியால் ஆளில்லாமலே ஓட்டிக் காட்டிவிட்டார்களாம்.

ஐயாசாமி கேட்டார்: "அப்ப தூங்கினாலும் வீட்டுக்கு வந்துருமாங்க?"

"ஒரு நாளைக்கு வரும் எண்டுதான் போட்டிருக்கு."

"எங்க காளைக்கு அது அப்பவே தெரிஞ்சிருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பேச்சியம்மாள் தம்பியோடு பேசுவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. மோட்டார் எதிலும் ஏறுவதில்லை. கோயிலுக்கு மூன்று மைலும் நடைதான். அக்கா தன்னைத் திட்டினால்கூடப் போதும் என்று ஐயாசாமி காத்திருந்தார். அதுவும் கிடைக்கவில்லை.

போன வாரம் அக்காவின் காலில் சீழ் பிடித்து, நிற்க முடியாமல் போனது. உடனே குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர். போக இருந்தது ஐயாசாமியின் லோரி ஒன்றுதான். லயத்துப் பெண்கள் நான்கு பேர் தூக்கி, அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

பாதி வழியில் அக்கா வாய் திறந்தார்.

"அந்த வளைவு வருமா?"

"அது வழியாத்தான்க்கா போகணும்."

தூரத்தில் அந்த மரம் தெரிந்தது. ஐயாசாமியின் நெற்றியில் திரண்ட வியர்வை புருவத்தை நனைத்துக் கண்ணை நோக்கி இறங்கியது. அவர் வளையத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

பேச்சியம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டி, தம்பியின் நெற்றியை ஒற்றித் துடைத்தார்.