வெல்லத் தண்ணீர் குடித்த சிட்டு

எதில்மா யாருக்கும் பயப்படுகிற பெண் இல்லை. கணவன் லிசார்தோ குடித்துவிட்டு வந்த காலத்தில் அவனை மாட்டுக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்தியவள். பிரசங்கம் நீளுகிறது, வீட்டில் அடுப்பின் மேல் சோளம் வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிப் பாதிரியாரையே பாதியில் நிறுத்தியவள். அப்படிப்பட்டவள் அந்த வாரம் ஒரு பறவைக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். கழுகோ பருந்தோ என்றாலும் ஒரு நியாயம் உண்டு. இது கட்டைவிரல் அளவுகூடத் தேறாத ரீங்காரச்சிட்டு.

நடந்தது இதுதான். மழையில் மலை சரிந்து, தலைநகர் கித்தோவிலிருந்து அவர்கள் ஊரான சான் ஹசிந்தோவுக்கு வரும் சாலை மூடிக்கொண்டது. கடையில் வெள்ளைச் சர்க்கரை தீர்ந்துபோயிற்று. தோட்டத்தில் சிட்டுகளுக்காகத் தொங்கவிட்டிருந்த சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகளெல்லாம் காலி. காலியானால் அவை சும்மா இருக்குமா? சமையலறை ஜன்னலுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி முகத்துக்கு நேரே முறைக்கும். எதில்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் கரும்பு வெல்லம் கட்டி கட்டியாக இருந்தது. இந்த மலையில் பிறந்தவர் எவரும் வெல்லத் தண்ணீரில் வளர்ந்தவர்தான். குழந்தை இருமினால் வெல்லத் தண்ணீர், பிள்ளை பெற்றவளுக்கு வெல்லத் தண்ணீர், காட்டில் மரம் வெட்டப் போகிறவன் இடுப்புக் குடுக்கையிலும் அதுவே. இத்தனை பேரை வளர்த்தது ஒரு சிட்டை என்ன செய்துவிடும் என்று காய்ச்சி, ஆற்றி, ஊற்றிவிட்டாள்.

ஊற்றக் கூடாது என்று தெரியும். தெரியாது என்று அவளால் வாய் திறக்கவே முடியாது. சிட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களின் கூட்டத்தில், வெல்லம் கொடுத்தால் சிட்டின் நாக்கு வீங்கி வெளியே தொங்கும், குடிக்க முடியாமல் பட்டினியில் சாகும் என்று ஒருவர் விளக்கியபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் இவள். போதாததற்கு, ஆற்றோரத் தோட்டக்காரர் ஒல்மேதோ வெல்லம்தான் ஊற்றுகிறார் என்று எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையிலும் அந்த மனிதரின் மானத்தை வாங்கியவளும் இவளேதான். பாவம், அவர் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

சாலை திறந்த அன்றே சர்க்கரை வாங்கி, புட்டிகளை வெந்நீரில் அலசி, எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். மூச்சு விடவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை, கூடவே இருந்து விருந்தாளிகளுக்குச் சமைக்கும் நாத்தனார் மரூஹாவிடமும் சொல்லவில்லை. மரூஹாவிடம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அண்டைவீட்டுக்காரியின் அலகில் வெள்ளையாக ஏதோ தொங்குவதைப் பார்த்தாள்.

அண்டைவீட்டுக்காரி என்பது ஒரு பெண் சிட்டுக்கு எதில்மா வைத்த பெயர். காலையில் முதல் ஆளாக வரும், எல்லோரிடமும் சண்டை பிடிக்கும், வந்த காரியம் முடிந்த பிறகும் போகாது. அப்புறம் வேறு என்ன பெயர் வைப்பது? வாலில் ஒரு இறகு இல்லாததால் ஆயிரத்தில் இருந்தாலும் அடையாளம் தெரியும். அந்தச் சிட்டு இப்போது புட்டிப் பக்கம் சரியாக வருவதில்லை. வந்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிவிடுகிறது. ஓடும்போது அலகின் நுனியில் அந்த வெள்ளை. நாக்கேதான், என் கையால் அதற்கு விஷம் வைத்துவிட்டேன் என்று எதில்மா முடிவுகட்டிவிட்டாள்.

அந்தச் சிட்டுகள் அவளுக்கு யார் என்று தெரிந்தால்தான் இந்தத் தவிப்பு விளங்கும். அவள் கல்யாணமாகி வந்தபோது இந்தச் சரிவில் சிட்டு ஏது, மரமே ஏது? இருந்ததையெல்லாம் லிசார்தோ மரம் அறுக்கும் வாள் இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வெட்டிச் சாய்த்திருந்தான். வெட்டிய இடத்தில் புல் போட்டு மாடு வளர்த்தார்கள். மண் மழையில் கரைந்தது, மாடுகள் நோயில் விழுந்தன. பிள்ளைகள் இருவரும் வேலை தேடி கித்தோ போய்ச் சேர்ந்தார்கள். வெறிச்சென்றிருந்த வீட்டில், ஒருநாள் அவள் துவைத்துக் காயப்போட்ட சிவப்புப் பாவாடைக்கு முன்னால் ஒரு சிட்டு வந்து நின்று, இது என்ன பூ என்று பார்த்தது. அவ்வளவுதான். அதற்கு ஏமாற்றமாகிவிட்டதே என்று அன்றே ஒரு புட்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு பூச்செடி, பிறகு மரக்கன்று. பறவை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்ததும் வாள் இயந்திரம் மூலைக்குப் போயிற்று, லிசார்தோவின் குடியும் மெல்ல மெல்ல அதன் பின்னாலேயே போயிற்று. சிட்டுகள் தன் வீட்டைத் தூக்கி நிறுத்தின என்று அவள் வெளிப்படையாகவே சொல்வாள். அந்தக் குடும்பத்துக்குத்தான் வெல்லத்தை ஊற்றியிருக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் தாமாரிஸ் வந்து சேர்ந்தாள். கித்தோக்காரி, படம் பிடிப்பவள். ஒரு சிமிட்டலில் நடப்பதை ஒரு நிமிடத்துக்கு இழுத்துக் காட்டும் கேமரா வைத்திருந்தாள். ஒரே ஒரு புட்டியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றச் சொன்னாள். வெயிலைத் திருப்பிவிட இரண்டு கண்ணாடிகளை நிறுத்தினாள். மதியம் மூடுபனி ஏறிவிட்டால் வேலை நடக்காது, அதனால் காலை முழுவதும் யாரும் அசையக் கூடாது என்று கட்டளை.

எதில்மாவா அசையாமல் இருப்பாள்? அண்டைவீட்டுக்காரி தலை தெரிந்த போதெல்லாம் தட்டுத் துடைக்கும் துணியை வீசி விரட்டினாள். இந்தக் கேமராவில் அந்த நாக்கு விழுந்தால், ஊர் உலகமெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகப் பார்க்குமே.

“தோன்யா எதில்மா, ஏன் அத விரட்டுறீங்க?” மரியாதைக்குத் ‘தோன்யா’ போட்டாலும் தாமாரிஸுக்குப் பொறுமை போய்விட்டது.

“அது ரௌடி கண்ணு. மத்ததுங்கள வரவிடாது.”

“ரௌடிதான் எனக்கு வேணும். சண்டை போட்டாத்தான படம்.”

“நேத்து வரைக்கும் அதுக்குப் பேரு வச்சுக் கொஞ்சுனாங்க,” என்று சமையலறையிலிருந்து மரூஹாவின் குரல் வந்தது. “இன்னைக்கு ரௌடியாம். எங்க அண்ணன் கதையும் இப்படித்தான்.”

எதில்மாவை ஓர் இடத்தில் உட்காரவைக்க வேறு வழி தெரியாமல் தாமாரிஸ் கேமராவின் பொத்தானைக் கையில் கொடுத்தாள். நீண்ட கம்பியின் முனையில் இருந்த சின்னப் பொத்தான். “எந்தச் சிட்டு எப்ப வரும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே அழுத்துங்க.”

முதல் சிட்டு கண்ணில் பட்டதுமே எதில்மா அழுத்தினாள். திரையில் வெறும் கிளை. அடுத்ததற்கு இன்னும் முந்திக்கொண்டாள். மறுபடியும் கிளை, அதில் ஒரு எறும்பு.

“வர்றதுக்கு முன்னாடி அழுத்தக் கூடாது,” என்றாள் தாமாரிஸ். “இந்தக் கேமரா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும், பாக்கப் பாக்க மறந்துகிட்டே இருக்கும். நீங்க அழுத்தினதும் அதுக்கு முந்தின சில நொடிய மட்டும் பிடிச்சு வச்சுக்கும். அதனால சிட்டு வரட்டும், குடிக்கட்டும், போகட்டும். போன பிறகு அழுத்துங்க.”

“போன பிறகா?”

“எங்க அண்ணிக்குன்னே செஞ்ச வேல,” என்றாள் மரூஹா, காப்பிக் கோப்பைகளோடு வந்து. “சூப்புல உப்பு இல்லன்னு கிண்ணத்த காலி பண்ணின பிறகுதான் சொல்லுவாங்க.”

எதில்மாவின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தாவிட்டால்?

“அழுத்தலன்னா என்ன ஆகும், கண்ணு?”

“ஒண்ணும் ஆகாது. மறந்துடும். நடக்காத மாதிரிதான்.”

வெயில் நன்றாக விழுந்திருந்த நேரத்தில் அண்டைவீட்டுக்காரி வந்தது. புட்டிக்கு வரவில்லை. பக்கத்திலிருந்த காய்ந்த குச்சியின் நுனியில், கேமராவுக்கு நேர் எதிரே, கண்ணுக்குத் தெரியாத எதையோ கொத்தியபடி அந்தரத்தில் நின்றது. அலகில் வெள்ளை. நேற்றைவிடப் பெரிதாகத் தொங்கியது. பிறகு விர்ரென்று போய்விட்டது.

தாமாரிஸ் குனிந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மரூஹா காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தது எதில்மா ஒருத்திதான். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் போதும், கேமரா மறந்துவிடும். வெல்லமும் இல்லை, நாக்கும் இல்லை. கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்காரலாம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

“பிடிச்சிட்டீங்களா?” தாமாரிஸ் ஓடிவந்தாள்.

எதில்மா திரையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். “நீங்க பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க.”

திரையில் சிட்டு மெல்ல, தண்ணீருக்குள் நீந்துவதைப் போல மிதந்து வந்தது. சிறகு ஒருமுறை மேலே போய்ப் புரண்டு கீழே வருவதற்குள் கூந்தலைப் பின்னி முடித்துவிடலாம். மரூஹா திரையில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

“வாயில என்னமோ வச்சிருக்கு.”

“நாக்கா?” துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நாக்கா? யாரு நாக்கு? பஞ்சு அண்ணி. பால்சா மரத்துப் பஞ்சு. அந்தக் குச்சியில சிலந்தி வலை இருக்கு பாருங்க, அத இழுத்து இழுத்து அலகுல சுத்துது.”

“கூடு கட்டுது,” என்றாள் தாமாரிஸ். குரல் தானாகவே தாழ்ந்திருந்தது. “சிலந்தி நூலால பஞ்ச ஒட்டிக் கட்டும். இப்படி ஒண்ணு எனக்குக் கிடைக்கும்னு நினைக்கவே இல்ல.”

எதில்மா துணியை விலக்கினாள். “நாக்கக் காட்டு. நாக்கப் பாக்காம நான் நம்ப மாட்டேன்.”

தாமாரிஸ் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நூல் பாதியில் சிக்கிக்கொண்டபோது சிட்டு அலகைத் திறந்தது. அங்கிருந்து நாக்கு வெளியே வந்தது. தலைமுடியைவிட மெல்லிசு, நுனியில் இரண்டாகப் பிரிந்து, கண்ணாடிபோலத் தெளிவாக. எட்டி நூலைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. வீக்கம் இல்லை, புண் இல்லை. எதில்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பு வந்தது. அதன் நடுவே வெல்லக் கதை முழுவதும், யாரும் கேட்காமலேயே, ஆதியோடந்தமாக வந்துவிட்டது.

மரூஹா இடுப்பில் கைவைத்து நின்றாள். “இத்தன வருஷமா சிட்டோட குடித்தனம் பண்றீங்க. பஞ்சுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியலையா?”

“நெஞ்சுல வெல்லம் இருந்துச்சுடி. கண்ணு எங்க பாத்துச்சு?”

“ஒல்மேதோ கேட்டாருன்னா தொப்பியத் தூக்கிப் போட்டு ஆடுவாரு.”

“ஆடட்டும். நானே போய்ச் சொல்றேன். அந்த மனுஷனுக்கு அது சேர வேண்டியதுதான்.”

தாமாரிஸுக்கு அவளைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, ஏதோ புரியாமலும் இருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். “தோன்யா எதில்மா, நாக்குன்னுதான நினைச்சீங்க. நான் பாக்கல, யாருமே பாக்கல. அழுத்தாம விட்டிருக்கலாமே.”

எதில்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “விட்டிருக்கலாம். ஆனா என்னால அது சாகப்போகுதுன்னா, அது யாருக்கும் தெரியாம சாகக் கூடாதுல்ல. என் வாசலுக்கு வந்த உசுரு. ஒரு சாட்சியாவது வேணும்னு நினைச்சேன்.”

மரூஹா காப்பியை அண்ணியின் கையில் திணித்துவிட்டு, தானும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.