முதல் சுருளில் வைத்த பொட்டு

சோமனூரில் எங்கள் தறிக்கூடத்துக்குத் துணி சோதிக்க ஒருவர் வருவார். விண்ணுக்குப் போய்த் திரும்பும் கலத்தின் வெப்பக் கவசத்துக்காக நாங்கள் நெய்யும் கண்ணாடி நூல் துணி அது. ஒல்லியான, நரைத்த மனிதர். செருப்பை வாசலில் விட்டு, முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகுதான் துணியைத் தொடுவார். பூசைக்குப் போகிறவர் போலிருக்கும். நம்மைப் போல முருக பக்தர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுருள் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி என் மனைவி அதன் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவர் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது ஆகாது."

"ஏனுங்க? சாமி பொட்டுங்க. ஓரத்த மட்டும் வெட்டிரலாமுங்க."

"ஈரம் எதுவரைக்கும் ஊறியிருக்குன்னு தெரியாதே. கறை பட்ட எடத்துல, துணி மேல பூசுற பிசின் ஒட்டாது. கலம் திரும்பி வரும்போது அது வழியாத்தான் தீ உள்ள போவும். உள்ள ஆள் இருப்பாங்கல்லா."

"முருகன் பாத்துக்குவானுங்க" என்றாள் என் மனைவி.

"அந்தப் பழிய அவன் மேல போடலாமாம்மா?"

சுருள் முழுவதையும் கழித்துவிட்டார். ஒரு மாத உழைப்பு. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தறி ஓடும் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

கழித்த சுருள் வழியில் கிடந்தது. ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அவர் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். வேண்டாமென்று ஒதுக்கிய துணிக்கு ஏன் அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பொட்டைச் சுவரிலிருக்கும் முருகன் படத்துக்கு மட்டும் வைக்கிறோம். வைத்த கையை முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொடுகிறேன்.