கோடு விட்டுப்போன இடம்

பாகூர் ஏரிக்குக் கீழே, அறுவடை முடிந்த வயலில் காலையிலிருந்து இரும்புக் கம்பிகளை ஊன்றி ஊன்றிப் பிடுங்குகிறோம். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, அது எங்கே தடைபடுகிறது என்று மீட்டரில் பார்க்கும் வேலை. வெறும் மண்ணில் முள் சோம்பிக் கிடக்கிறது; செங்கல் புதைந்த இடத்தில் துள்ளுகிறது. துள்ளிய இடங்களில் சுண்ணாம்பு தூவிக்கொண்டே வந்தால், நீள்சதுரமாக ஒரு கட்டடம். கிழக்கே மட்டும் இரண்டு முழம் கோடு விட்டுப்போயிருக்கிறது. சோழர் காலத்துக் கோயிலேதான் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

வயலுக்குச் சொந்தக்காரியான அலமேலு வரப்பில் வந்து நிற்கிறார்.

"இன்னா சார், எங்க வூட்டப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"உங்க வீடா?"

"கண்ணாலம் கட்டி வந்த வூடு சார். ஏரி ஒடைஞ்சப்ப வுழுந்துடுச்சி. மேட்டுல வேற வூடு கட்டிக்கினு, இத்த வயலாக்கிட்டோம்."

இதற்கா இந்த வெயிலில் காய்ந்தோம் என்று எரிச்சலாக வருகிறது. ஒயர்களைச் சுருட்டச் சொல்கிறேன்.

"இருங்க சார், அடுப்பாங்கரைய ஒரு தபா பாத்துக்கிறேன்" என்கிறார் அலமேலு.

அவர் நிற்கும் இடத்திலிருந்து கோட்டைத் தாண்டினால் நான்கே எட்டு. அவர் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு கிழக்கே போய், கோடு விட்டுப்போன இடத்தில், அந்த வெட்டவெளியில், தலையைக் குனிந்து உள்ளே போகிறார்.