ஊர்க்காரர் விற்ற ஸ்கூட்டர்

கியர் கிடையாது, பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், மராத்தி பேசும் ஊரான கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அப்படி ஒரு உசத்தி ஸ்கூட்டர் யாரிடமும் இல்லை. புதிதாக வாங்க எங்களுக்கு வக்கில்லை. போசரியில் ஒருவர் பழசை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். எனக்கு நகரத்தின் மறுகோடியில், ஹடப்சரில் வேலை கிடைத்திருந்தது. பஸ் மாறி மாறிப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. வண்டி இருந்தால்தான் வேலை.

என் கணவர் இந்தியில் விசாரித்தார். விற்பவர் தமிழில் பதில் சொன்னார். அதோடு வண்டியை மறந்தாயிற்று.

"உங்களுக்கு எந்தூரு?"

"வாணியம்பாடி பக்கம்."

"அட, நமக்கு ஆம்பூருங்க."

காபி வந்தது. யாருக்கு யார் சொந்தம் என்று ஆராய்ச்சி நடந்தது. வாசலில் நின்ற வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டப்போகிறவள் நான். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எழுந்தேன். கணவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நம்ம ஊர்க்காரரு. அவர் வூட்லயே வந்து சோதிச்சுப் பாக்கறதா? இன்னா நெனப்பாரு?" என்று காதோடு சொன்னார்.

விற்றவர் மராத்திக்காரராக இருந்திருந்தால் மெக்கானிக்கையே கூட்டி வந்திருப்பார், இந்த மனுஷன்.

ஓட்டிப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தோம். எஞ்சின் சூடானால் வண்டி நின்றுவிடும். ஆறும்வரை தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு சிக்னலிலும் தள்ளினேன். தினமும் தாமதம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேலைக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கணவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நேராகப் போசரிக்குப் போனேன். ஊர்க்காரர் அன்றைக்கும் காபி போடச் சொன்னார்.

"நான் ஓட்ட வேணாம்னா சொன்னேன்? தங்கச்சி அன்னிக்கே ஓட்டிப் பாத்திருக்கலாமே."

என் கணவர் தலையை ஆட்டினார். "அவரு சொல்றதும் நியாயந்தான். நீ ஓட்டிப் பாத்திருக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, கணவரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வண்டி பாதி வழியில் நின்றது. தள்ளிக்கொண்டு நடந்தபோது ஒரு பஸ் என்னைத் தாண்டியது. ஜன்னலோரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னை நன்றாகவே பார்த்தார். அத்தனை ஆத்திரத்திலும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நிற்பார் என்று கட்கி வரும்வரை எதிர்பார்த்தேன்.